நாற்பது நிமிடம், எட்டு வார்த்தை

“திருட்டுப் போனது என்ன?” என்று மேடம் கேட்டார்.

“என் கையெழுத்து,” என்றார் அவர்.

நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் என்றைக்குச் சும்மா இருந்தது? “பேனாவாவது பத்திரமா இருக்கா சார்?” என்று கேட்டுத் தொலைத்தேன்.

மேடம் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. “ரேடியோ, ஆஃப்,” என்றார்.

ரேடியோ என்பது நான்தான். மேடம் பதினாறு வருஷம் காப்பீட்டுக் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துக்கொண்டிருந்தவர். வேலையை உதறிவிட்டுத் தனியாகத் துப்பறியக் கிளம்பியபோது, அங்கே ஃபைல் தூக்கிக்கொண்டிருந்த என்னையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஏன் என்று கேட்டதற்கு, “நீ பேசிக்கிட்டே இருந்தா எதிர்ல இருக்கறவன் எரிச்சல்ல உண்மையைச் சொல்லிடுவான்,” என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அவரிடம் ஒரே ஒரு விநோதப் பழக்கம் உண்டு. எந்தத் தாள் கையில் கிடைத்தாலும் கடைசி வரி வரைக்கும் படிப்பார். பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தைக்கூட விடமாட்டார்.

எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு ஐம்பத்தெட்டு வயது இருக்கும். சட்டையின் மேல் பட்டன் வரை போட்டிருந்தார். அவரிடம் வேலை செய்கிற ஆறு பேரும் எதிரில் ‘சார்’ என்றும் முதுகுக்குப் பின்னால் ‘கண்டிப்பு’ என்றும் கூப்பிடுவார்கள் என்பதை மாடிப்படி ஏறி வருவதற்குள் விசாரித்து வைத்திருந்தேன். கீழே அலுவலகம், மேலே வீடு. நாங்கள் உட்கார்ந்திருந்தது மேலே. சுவரில் பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: ‘படிக்காமல் கையெழுத்துப் போடாதே.’ அதற்குக் கீழே, அந்த அலுவலகத்தைத் தொடங்கியவர்கள் பட்டியல். மூன்றே பெயர்கள்: முதலில் அவர் மனைவி, அடுத்து அவர், மூன்றாவது மனைவியின் தம்பி.

“நாங்க கட்டற்ற மென்பொருள் தொகுப்பு ஒண்ணு வெளியிடறோம்,” என்றார் கண்டிப்பு. “ஒரு கம்ப்யூட்டருக்கு வேண்டிய அத்தனையும் ஒரே மூட்டையா கொடுப்போம். அதுல இருக்கற ஒவ்வொரு வரியையும் யார் வேணும்னாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவங்களுக்குக் கொடுக்கலாம். பதினஞ்சு வருஷமா மூடின சாமான் ஒண்ணுகூட உள்ளே வந்ததில்ல. போன வாரம் வந்துடுச்சு.”

“என்ன சாமான்?”

“கண்ணால பேசறது. கை, கால், வாய் எதுவும் அசையாதவங்க திரையில இருக்கற எழுத்தை உத்துப் பார்த்தா, அது எழுத்தைச் சேர்த்து வாக்கியமாக்கிப் பேசும். ஒரு கம்பெனி சும்மாவே கொடுக்குது. ஆனா உள்ளே என்ன இருக்குன்னு மட்டும் யாருக்கும் காட்டமாட்டாங்க.”

“சும்மா கொடுத்தா வாங்கிப் போட்டுக்க வேண்டியதுதானே சார்? எனக்கெல்லாம் கேலண்டர் சும்மா கொடுத்தாலே சந்தோஷம்.”

அவர் முதல்முறையாக என்னைப் பார்த்தார். “நாளைக்கு அந்தக் கம்பெனி கதவைச் சாத்திட்டா? பேசிட்டிருக்கற ஆளு பாதி வார்த்தையில நின்னுடுவான். திருத்த ஒருத்தராலயும் முடியாது. ஒருத்தர் குரலோட சாவி இன்னொருத்தர் பையில இருக்கக் கூடாது.”

மனுஷன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவர்கள் வேலை செய்யும் முறையை மேடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். ஒருவர் புதிதாக எதையாவது சேர்த்தால், ஏன் சேர்க்கிறேன் என்று குறிப்பு எழுத வேண்டும். இன்னொருவர் அதைப் படித்துவிட்டு ஒப்புதல் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு அது தொண்ணூறு நாள் வரிசையில் கிடக்கும். யாரும் ஆட்சேபம் சொல்லாவிட்டால் தானாகவே தொகுப்புக்குள் போய்விடும்.

“இதைச் சேர்த்தது யாரு?”

“என் மச்சான். அவன் கணக்குல இருந்துதான் வந்திருக்கு. முன்னாடி கூட்டத்துலயும் கேட்டான். முடியாதுன்னு நான்தான் சொன்னேன்.”

“ஒப்புதல்?”

“என் பேர்ல இருக்கு. நான் போடலை.” சட்டைக்குள்ளிருந்து ஒரு கயிற்றை இழுத்தார். அதன் நுனியில் கட்டைவிரல் அளவு உலோகத் துண்டு. “இந்தச் சாவியை மெஷின்ல சொருகி, மேலே விரலை வச்சு அழுத்தினாத்தான் கையெழுத்து விழும். படிக்காம கையெழுத்துப் போட்ட ரெண்டு பேரை நான் வெளியே அனுப்பியிருக்கேன். நான் போடுவேனா?”

“குளிக்கும்போது எங்கே வைப்பீங்க?”

“குளிக்கும்போதும் கழுத்துலதான்.”

மேடம் தலையசைத்துக்கொண்டார்.

“தொண்ணூறு நாளைக்கு முன்னாடின்னா, என் மனைவி ஆஸ்பத்திரியில இருந்தா,” என்றார் அவர். குரல் கொஞ்சம் இறங்கியது. “நரம்பு வியாதி. முதல்ல கை போச்சு. அப்புறம் கால். அப்புறம் பேச்சு. நான் அவளுக்காகப் போராடிட்டிருந்த நேரம் பார்த்து இவன் என் கையெழுத்தைத் திருடியிருக்கான். அதுக்கப்புறம் இருபது நாள்ல அவ போயிட்டா.”

“அவங்க எப்படிப் பேசினாங்க? இந்த மென்பொருள்லயா?”

“மச்சான் அவனோட லேப்டாப்புல அதைப் போட்டு எடுத்துட்டுப் போவான். நான் அதைத் தொட்டதில்ல. நான் இதைச் செஞ்சு கொடுத்தேன்.”

மேஜை இழுப்பறையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். மை தொட்டு, அளவுகோல் வைத்து, கட்டம் கட்டி எழுத்துகள் எழுதியிருந்தார். மூலைகள் கசங்கியிருந்தன. “நான் ஒவ்வொரு எழுத்தா விரல் வைப்பேன். சரியான எழுத்து வந்தா கண்ணைச் சிமிட்டுவா. ஒரு வாக்கியத்துக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும்.” அட்டையைத் திரும்ப உள்ளே வைத்தார். “அஞ்சு மணிக்குக் கீழே கூட்டம். திருட்டுக்கு ஆதாரம் கொடுங்க. அவன் பேரை அடிக்கிறேன். அவ போயிட்டா, இவன் உறவும் இத்தோட முடிஞ்சுது.”

அப்போது மணி பன்னிரண்டு.

மச்சான் நகல் இயந்திரங்கள் பழுது பார்ப்பவர். நாங்கள் போனபோது ஓர் இயந்திரத்தின் வயிற்றைத் திறந்துவைத்து, முழங்கை வரை கரிப்பொடியோடு உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது. கண்களுக்குக் கீழே மட்டும் ஐம்பது.

மேடம் கேள்வியை முடிக்கவே இல்லை. “நான்தான்,” என்றார் மச்சான்.

இப்படிப்பட்ட ஆட்களை எனக்குப் பிடிக்காது. பிழைப்பில் மண்ணைப் போட்டுவிடுவார்கள்.

“கையெழுத்து?”

“அதுவும் நான்தான். மாமா தூங்கும்போது சாவியை எடுத்துப் போட்டுட்டேன்.”

“எங்கேருந்து எடுத்தீங்க?”

“மேஜை மேலேருந்து.”

“மேஜை மேலேருந்து,” என்று மேடம் திருப்பிச் சொன்னார். “சரி. ஏன் செஞ்சீங்கன்னு ஒரு தாள்ல எழுதிக் கொடுத்துடுங்க.”

துணியில் கையைத் துடைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. தாளின் இரண்டு பக்கமும் நிரம்பி, ஓரத்தில் செங்குத்தாகவும் எழுதி, இன்னொரு தாள் கேட்டார். நடுவில் காற்புள்ளி, அடைப்புக்குறி, ஆச்சரியக்குறி எல்லாம் வாரி இறைத்திருந்தார். அத்தனைக்கும் ஏழு நிமிடம்.

மேடம் எல்லாவற்றையும் கடைசி வரி வரை படித்துவிட்டு, “நன்றி,” என்று எழுந்துவிட்டார்.

தெருமுனைப் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தோம். “ஒத்துக்கிட்டார் மேடம். கையோட எழுதியும் கொடுத்துட்டார். சாப்பிடப் போலாமா?” என்றேன்.

மேடம் பையிலிருந்து கண்டிப்பு கொடுத்த பதிவேட்டுத் தாளை எடுத்து நீட்டினார். “அந்த மென்பொருளோட வந்த குறிப்பைப் படி.”

படித்தேன். ‘இது இல்லாமல் சிலரால் பேச முடியாது முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படவும்’

“எத்தனை வார்த்தை?”

“எட்டு.”

“குறிப்பு எழுதற பக்கத்தைத் திறந்த நேரம் பதினொண்ணு அஞ்சு. சேமிச்ச நேரம் பதினொண்ணே முக்கால். நாற்பது நிமிஷம், எட்டு வார்த்தை. ஒரு முற்றுப்புள்ளிகூட இல்ல. ஏழு நிமிஷத்துல ரெண்டு பக்கம் எழுதின மனுஷன் இதை எழுதியிருப்பாரா?”

“யோசிச்சு யோசிச்சு எழுதியிருப்பார்.”

“கையைக் கட்டிக்கோ ரேடியோ. வாயை மூடு. தலையை அசைக்காதே. எதிர்ல அந்தத் துணிக்கடை போர்டு தெரியுதா? அதுல இருக்கற எழுத்துகளை ஒவ்வொண்ணா உத்துப் பார்த்து, ‘தண்ணி வேணும்’னு மனசுக்குள்ள எழுது. ஒவ்வொரு எழுத்துலயும் அஞ்சு எண்ணு. கண்ணு அந்தண்டை போச்சுன்னா முதல்லேருந்து.”

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். இரண்டாவது எழுத்தில் ஒரு பஸ் குறுக்கே போனது. கண் அதோடு போய்விட்டது. மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது எழுத்தில் கண்ணில் நீர் கட்டியது. நான்காவதில் விட்டுவிட்டேன்.

“அந்த அம்மாவா?” என்றேன். என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது.

“கண்ணு சோர்ந்துபோன கடைசி மாசம். தம்பியோட லேப்டாப்பு, தம்பியோட கணக்கு. அவங்களுக்கு ஒவ்வொரு எழுத்தும் மூச்சு. அதான் புள்ளிகூட வைக்கலை.”

பின்னாலிருந்து செருப்புச் சத்தம் கேட்டது. மச்சான் கரிக் கையோடு ஓடி வந்திருந்தார்.

“மேஜை மேலேன்னு சொல்லியிருக்கக் கூடாதில்ல?” என்றார் மூச்சு வாங்க.

“அவர் அதைக் கழுத்திலேருந்து எடுக்கவே மாட்டார்,” என்றார் மேடம்.

அவர் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். நெற்றியெல்லாம் கறுப்பாகிவிட்டது. “என் பேரையே எழுதிக் கொடுங்க மேடம். அக்கா பேரு அந்தப் பட்டியல்ல முதல் வரியில இருக்கு. அதை அவர் கையாலயே அடிக்கணுமா? எனக்கு ஒண்ணும் ஆகாது. எனக்கு மெஷின் வேலை இருக்கு.”

“அப்படின்னா கையெழுத்து எப்படி விழுந்துச்சு?”

“அதை மட்டும் கிளறாதீங்க,” என்றார். கெஞ்சினார் என்றே சொல்ல வேண்டும். “உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். அதை மட்டும் விட்டுடுங்க.”

மேடம் அவர் தோளைத் தொட்டார். எனக்குத் தெரிந்து மேடம் யாருடைய தோளையும் தொட்டதில்லை. “ஒரு தப்பான பேரை நான் எழுதிக் கொடுக்க முடியாது தம்பி. அஞ்சு மணிக்கு வந்துடுங்க. அந்த லேப்டாப்பையும் எடுத்துட்டு வாங்க.”

நாலே முக்காலுக்குக் கண்டிப்பின் எதிரே மறுபடி உட்கார்ந்தோம். கீழே நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மேடம் நாற்பது நிமிடத்தைச் சொன்னார், எட்டு வார்த்தையைச் சொன்னார். வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த மனிதர் பதிவேட்டுத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவளா?” என்றார் கடைசியில். பிறகு சட்டென்று நிமிர்ந்தார். “அவளால விரலை அசைக்க முடியாதே! அப்ப கையெழுத்து?”

“சாவி யார் கழுத்துல இருந்துச்சு?”

“என் கழுத்துல.”

“ராத்திரி பகல், குளிக்கும்போதும். அப்ப அது திருட்டுப் போக வழியே இல்ல சார். கீழே உங்க பசங்ககிட்ட அந்த நாள் பதிவை மொத்தமா வாங்கிப் பார்த்தேன். பதினொண்ணு அம்பத்தி ரெண்டுலேருந்து பதினொண்ணு அம்பத்தி ஆறு வரைக்கும் உங்க சாவி முப்பத்தெட்டு கையெழுத்துப் போட்டிருக்கு. ஒண்ணுக்கு ஆறு செகண்டு. முப்பத்தேழு சாதாரண விஷயம். எழுத்துரு, படம், அந்த மாதிரி. ஒண்ணு இது. அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு நீங்கதான் சொல்லணும்.”

“முப்பத்தெட்டா? நானா?” என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. கை தானாகக் கழுத்துக் கயிற்றுக்குப் போனது.

“வழக்கமா நாலு மணிக்குத்தான் போவேன்,” என்றார் மெதுவாக. “அன்னிக்கு டாக்டர் காலையிலயே வரச் சொன்னார். பதினொன்றரை இருக்கும். அவ அறைக்கு வெளியிலயே, வராந்தாவுல வச்சுச் சொன்னார். இனிமே செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல, வேணும்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னார். உடனே உள்ளே போக முடியலை. முகத்தைச் சரிபண்ணிக்கணும். பெஞ்சுல உட்கார்ந்தேன். மடியில மெஷின் இருந்துச்சு. கைக்கு ஏதாவது வேலை வேணும்னு இருந்துச்சு. வரிசையில என்னென்னமோ கிடந்துச்சு. அழுத்தினேன். அழுத்திக்கிட்டே இருந்தேன்.”

அவர் எங்களைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த தாளைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் அன்று நடுவில் இருந்தது ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் அந்த அம்மா எழுதி முடித்த ஏழாவது நிமிடம், இந்தப் பக்கம் இவர் அழுத்தத் தொடங்கியிருக்கிறார்.

எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. ரேடியோவை யாரும் ஆஃப் பண்ணவும் இல்லை.

ஐந்து மணிக்கு அவர் கீழே இறங்கினார். சுவரிலிருந்த பட்டியலைக் கழற்றிக் கையோடு எடுத்துக்கொண்டு போனார். ஆறு பேரும் எழுந்து நின்றார்கள். மச்சான் லேப்டாப்பை மார்போடு அணைத்தபடி கதவோரம் நின்றிருந்தார்.

கண்டிப்பு அந்த எட்டு வார்த்தையைச் சத்தமாகப் படித்தார். யார் எழுதியது என்று சொன்னார். “விதிப்படி சேர்த்திருக்கா. விதிப்படி குறிப்பு எழுதியிருக்கா. தப்பு அவமேல இல்ல. படிக்காம கையெழுத்துப் போட்டவன் நான்.” பேனாவைத் திறந்து இரண்டாவது பெயரை அடித்தார். கோடு நேராக விழுந்தது. “மச்சான்மேல திருட்டுப் பட்டம் கட்டினேன். அதுக்கும் நான்தான் பொறுப்பு.”

“சார், அந்த மென்பொருளை என்ன பண்றது?” என்று ஒரு பெண் தயங்கிக் கேட்டாள். “நாம அதைத் தொகுப்புலேருந்து எடுத்ததுலேருந்து ஒரு அம்மா தினமும் எழுதறாங்க. பேச்சு போன அவங்க வீட்டுக்காரர் அதால ஆறு நாள் பேசினாராம். இப்ப எங்கே போச்சுன்னு கேக்கறாங்க.”

அவர் கண்ணை மூடித் திறந்தார். “உள்ளே விடறதா, எச்சரிக்கை ஒட்டித் தனியா வைக்கறதா, வெளியே போடறதா, நீங்க ஓட்டுப் போடுங்க. எனக்கு ஓட்டு இல்ல. இருந்திருந்தா இப்பவும் வேண்டாம்னுதான் போட்டிருப்பேன். அவளுக்கும் அது தெரியும்.” கயிற்றைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கழுத்தைச் சுற்றி வெளுத்த தடம் தெரிந்தது. “அந்த அம்மாவுக்கு முதல்ல பதில் எழுதும்மா.”

மேலே வந்த பிறகுதான் அவர் மச்சானிடம் பேசினார். “முன்னாடியே என்கிட்ட சொல்லியிருக்கலாமேடா. அவதான்னு சொல்லியிருந்தா நான் உன்னை இப்படி…”

“அதுக்காக மறைக்கலை மாமா.”

“பின்னே?”

மச்சான் மேடத்தைப் பார்த்தார். மேடம் தலையசைத்தார். லேப்டாப் திறந்தது. “அக்கா இதுல பேசினதெல்லாம் இருக்கு,” என்றார் மச்சான்.

இயந்திரக் குரல். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ‘ஜன்னலைத் திற.’ ‘கழுத்து வலி.’ பிறகு, ‘அவர் வரும் நேரம். இதை மூடி வை. அட்டை கொண்டு வருவார்.’ அடுத்த நாளும் அதே வாக்கியம். அதற்கடுத்த நாளும். தினமும் நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால்.

கண்டிப்பு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“அன்னிக்கு நீங்க உள்ளே வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி, கையெழுத்து விழுந்துடுச்சுன்னு திரையில வந்துச்சு மாமா. அக்கா பார்த்துட்டா. நீங்க வெளியில இருந்தீங்கன்னு எங்களுக்குத் தெரியாது. நீங்க உள்ளே வந்ததும் உங்க முகத்தையே பார்த்துட்டிருந்தா. நீங்க அவ நெத்தியைத் தடவிட்டு, சிரிச்சீங்க. ஞாபகம் இருக்கா? நீங்க போனதும் இதை எழுதினா. கடைசி இருபது நாளும் இதை நம்பிட்டுத்தான் இருந்தா. அதான் கையெழுத்தைப் பத்தி யாரும் கிளறக் கூடாதுன்னு நெனச்சேன்.”

மச்சான் ஒரு பொத்தானை அழுத்தினார். ஏற்றமில்லாத, இறக்கமில்லாத அந்தக் குரல் சொன்னது:

‘முழுக்கப் படித்துவிட்டார். கோபப்படவில்லை.’

மேடம் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். கண்டிப்பு இழுப்பறையைத் திறந்து அந்த அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எழுத்துகளின் மேல் விரல் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது, எங்கேயும் நிற்கவில்லை.

“இன்னொரு தடவை போடுடா,” என்றார்.